மூன்றாம் எண் எச்சரிக்கை

மகன் ஒரு வருடத்துக்குச் சந்தா கட்டிவிட்டு
உல்லாசக் கப்பலில் சமையல் வேலைக்குப் போய்விட்டான்.
இன்னும் ஐந்து மாதம் பாக்கி.
வீணாக்குவானேன் என்றுதான் உட்கார்ந்தேன்.
வானொலியில் மூன்றாம் எண் எச்சரிக்கை.
ரோஸ்ஹில் முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது.
ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று,
வாளிகளில் தண்ணீர், டப்பாவில் மத்திமீன்,
வேறு என்ன செய்ய.

பெயர் கேட்டது.
லோகாம்பாள் வீராபென் என்று
அடையாள அட்டையில் உள்ளபடியே அடித்தேன்.
சுங்க இலாகாவில் இருபத்திரண்டு வருடம்,
படிவத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லை.
இனம் கேட்டது.
மனிதர் என்பதை அழுத்தப் போய்க் கைதவறி
கூர்க்காது முளைத்துவிட்டது.
தொழில்: வைத்தியச்சி.
கத்தி தூக்குவதற்கு இது தேவலை.

முதல் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தபடியே நடந்தேன்.
மவுஸை அசைத்தால் வானம் காலடியில் வந்தது.
வெளியே வந்ததும் ஒரு காட்டுப்பன்றி
என்னைக் கொன்றது.
செத்தால் இடுகாட்டில் ஆவியாய் எழுந்து
தன் பிணத்தைத் தானே தேடிப் போய்
உடுத்திக்கொள்ள வேண்டுமாம்.
ஏழு தடவை உடுத்தினேன்.
எட்டாவது தடவை, பதற்றத்தில்,
பன்றிக்கே வைத்தியம் பார்த்துவிட்டேன்.
அது புதுத்தெம்போடு திரும்பி வந்தது.

"அக்கா, அதை விடுங்க" என்று
இரும்புச் சட்டையில் ஒருத்தன் கோடரியோடு வந்தான்.
தலைக்கு மேலே பெயர்: பாதிமீன்.
இதில் போய்க் குடும்பப் பெயரெல்லாம் யார் போடுவார்கள் என்று
எழுத்தில் சிரித்தான்.
அவன் கிரியோல் எங்கள் கிரியோல்தான்,
சற்றே கோணலாய்.
ரீயூனியனா?
சென்ட் ஆந்த்ரே.
"உங்க புயல் நாளைக்கு எங்களுக்கு."
"முடித்துவிட்டு அனுப்புகிறேன்" என்றேன்.

செருப்பு ஒரு ஜோடி கொடுத்தான்.
அடிபட்டவன் யார் என்று முதலில் பார்,
பிறகு விசையை அழுத்து என்றான்.
அவ்வளவுதான் பாடம்.
இரவெல்லாம் அவன் வெட்ட, நான் கட்ட,
என் வீட்டு மேலே எதுவோ உருண்டுகொண்டே போனது.

மறுநாள் மதியம் காற்று எங்களை விட்டது.
பலகை இடுக்கில் வெயில்.
மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும், போகவில்லை.
நாங்கள் ஒரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தோம்,
அந்தப் பக்கம் ஓநாய்கள்.
"சிவப்பு எச்சரிக்கை" என்று எழுதினான்.
கொஞ்ச நேரம் கழித்து
"தகரம்" என்று எழுதினான்.
பிறகு எழுதவில்லை.
கோடரி ஓங்கியபடியே நின்றான்.

ஓநாய் கடித்தது. நான் கட்டினேன்.
என்னிடம் இருந்தது ஒரே மந்திரம்,
அதுவும் ஆறு தடவைக்கு மேல் தாங்காது;
நீலக்கோடு மறுபடி நிரம்ப
உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.
குடித்தேன். எழுந்தேன். கட்டினேன்.
குதிரையில் போன யாரோ சொன்னார்கள்:
அவன் இணைப்பு அறுந்துபோச்சு, விடுங்க,
செத்தாலும் இடுகாட்டில் எழுந்துக்குவான்.
தெரியும் என்று எழுதினேன்.
ஒரு கையால் மத்திமீனைத் தின்றபடி
இருபது நிமிடம் காவல் நின்றேன்.
அப்புறம் சர்வரே அவனை எடுத்துக்கொண்டது,
கோடரியோடு.
பாலத்தில் பலகைகள் மட்டும்.

நண்பர் பட்டியலில் அவன் ஒருவன்தான்.
சாம்பல் நிறத்தில்.

கதவைத் திறந்தேன்.
பக்கத்து வீட்டு மாமரம் எங்கள் சந்தில் படுத்திருந்தது.
அரத்தோடு அதன்மேல் உட்கார்ந்திருந்த ழெரார்
உங்களுக்குக் கரண்டு இருக்கிறதா என்று கேட்டார்.
இருக்கிறது என்றேன், கொஞ்சம் வெட்கமாக.

திரும்பி வந்தால் திரையில் எக்காளம்.
எப்போதோ ஐந்தாம் நிலைக்கு ஏறியிருக்கிறேன்.
புதிதாய் ஒரு மந்திரம்:
தொலைவில் இருப்பவரையும் குணப்படுத்தலாமாம்,
நாற்பது அடி வரைக்கும்.

அழுத்திப் பார்த்தேன்.
இலக்கு இல்லை என்றது.
மறுபடி அழுத்தினேன்.